நாலு சக்கரத்தில் நாலு சிங்கம்

ஒரு காட்டில் ஒரு கழுதை கார் வைத்திருந்தது. யாரையோ கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கழுதை நான்தான்.

கார் பழசு. சக்கரங்களின் நடுவே இருந்த கம்பெனி முத்திரைகள் எப்போதோ விழுந்துவிட்டன. கொழுந்தியாளுக்கு வளைகாப்பு. அவளைக் கட்டியவர் பந்தயக் குதிரை. அவர் வீட்டு வாசலில் இந்தக் காரைக் கொண்டுபோய் நிறுத்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

குரங்கு நடத்தும் கார் அலங்காரக் கடைக்குப் போனேன். "சக்கரத்துக்கு நடுவுல ஒட்டுற ஸ்டிக்கர் இருக்கா?"

"மயில் இருக்குண்ணே. சிங்க முகம் நேத்துதான் வந்துச்சு. பின்னால இருக்குற தாளை உரிச்சு ஒட்ட வேண்டியதுதான்."

"கழுதை முகம்?"

"அதை யாருண்ணே வாங்குவாங்க?"

அது கேட்டதில் தப்பே இல்லை. நானே வாங்கமாட்டேன்.

நாலு சிங்கம் வாங்கி ஒட்டினேன். என் மனைவி அபரஞ்சி காரைச் சுற்றிவந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்டியரிங்ல நீங்கதானே உட்காரப் போறீங்க?"

கிளம்பினோம். வண்டி ஓடும்போது சிங்கம் தெரியவில்லை. வெறும் வட்டம்தான் சுற்றியது. அதனால் குளக்கரையில் கூட்டத்தைப் பார்த்ததும் ஓரமாக நிறுத்தினேன்.

"நேரமாகுதுங்க."

"இரும்மா. நாலு பேர் பார்க்கட்டும்."

பார்த்தார்கள். முதலில் ஒரு முயல் ஓடிவந்தது. "ஐயா, ராஜா ஆபீஸ்லேருந்து வர்றீங்களா? என் வளைக்குள்ள மழைத்தண்ணி நிக்குதுங்க." அதன் பின்னால் மான், ஆமை, காட்டெருமை என்று வரிசை நீண்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பதற்றத்தில் கத்தல்தான் வந்தது. கலப்படமில்லாத கழுதைக் கத்தல். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"என்ன சொல்றாரு?" என்றது ஆமை.

"ஒண்ணும் புரியல. ஆபீஸ் பாஷை அப்படித்தான் இருக்கும்" என்றது மான், மரியாதையாக.

அதன் பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் "பார்க்கலாம்" என்றேன். எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அபரஞ்சி இறங்கி, சீர்த்தட்டை முதுகில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டாள். நான் கவனிக்கவில்லை. அவ்வளவு முக்கியஸ்தனாகியிருந்தேன்.

சாயங்காலம் சிங்கமே வந்தது. கூட்டம் விலகியது. சிங்கம் சக்கரத்தைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"இவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புறே?"

"பா... பார்க்கலாம்னு சொன்னேன், மகாராஜா."

"நானும் அதைத்தான் சொல்றேன்." சிங்கம் கொட்டாவி விட்டது. "நாளையிலேருந்து நீயே சொல்லு. நான் கொஞ்சம் தூங்கணும்."

சிங்கம் போனதும் ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தேன். குளம்பால் சுரண்டினேன், பல்லால் கடித்தேன், டீக்கடையில் வெந்நீர் வாங்கி ஊற்றினேன். பெயிண்ட் வந்தது. சிங்கம் வரவில்லை.

வளைகாப்பு முடிந்து அபரஞ்சி திரும்பி வந்தாள். எனக்கு முன்னால் இன்னும் வரிசை நின்றது. வரிசையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"போதும், வீட்டுக்கு வாங்க."

"பார்க்கலாம்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவள் மட்டும் கும்பிடாமல் போனாள்.

நீதி: சிங்க வேஷம் போட விரும்புகிறவர்கள், மட்டமான பசையாகப் பார்த்து வாங்கவும்.