கனவில் பார்த்த ஓவர்டைம்

"குதிரை கனவுல வந்து சொல்லிச்சு, சரி. எத்தனை மணிக்குச் சொல்லிச்சு?" என்று கேட்டார் கெசீனா ராட்கெ.

எக்பெர்ட் கையில் இருந்த ரொட்டியைக் கடிக்காமல் யோசித்தார். குடைராட்டினம் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் காலை இடைவேளை. அவர் பாட்டுக்கு ஏதோ சந்தோஷத்தில் சொல்லிவிட்டார். புது ராட்டினத்தின் வெள்ளை மரக்குதிரை மேலே ஏறும்போதெல்லாம் கிறீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், திட்டியும் பார்த்தார்கள். நேற்று ராத்திரி அதே குதிரை அவர் கனவில் வந்தது. வெர்ரா ஆற்றங்கரைப் பனியில் அவரோடு பக்கத்தில் பக்கத்தில் நடந்தது. "மேல் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாரேன்" என்று தழைந்த குரலில் சொல்லிவிட்டு ஆற்றின் மேலேயே நடந்து போய்விட்டது. காலையில் வந்து தளர்த்தினார். சத்தம் நின்றது.

"நாலு மணி இருக்கும். சன்னல்ல லேசா வெளிச்சம் வந்திருந்துச்சு," என்றார்.

"அப்போ நாலு மணிக்கு வேலை பாத்திருக்கீங்க."

"தூங்கிட்டு இருந்தேன் மேடம்."

"தூங்கிட்டே வேலை பாத்திருக்கீங்க. பலன் கம்பெனிக்குத்தானே வந்துச்சு?"

சுற்றி இருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. கெசீனா ராட்கெ தொழிலாளர் குழுவின் தலைவி. சட்டம் என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை தன் மேசைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த கணக்காளரை வாசலோடு திருப்பி அனுப்பிய பெண்மணி. செடி வாடிப்போனது, சட்டம் வாடவில்லை.

"ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவுல பதினோரு மணி நேரம் ஓய்வு வேணும். நாலு மணிக்குக் கலைஞ்சுபோச்சு. மறுபடி முதல்லேருந்து எண்ணணும். மத்தியானம் மூணு மணி வரைக்கும் நீங்க ஸ்பானரைத் தொடக் கூடாது. வீட்டுக்குக் கிளம்புங்க."

எக்பெர்ட் கடிக்காத ரொட்டியை மறுபடி பொதிந்துகொண்டார். சனிக்கிழமை கிர்மெஸ் திருவிழா. ஆயுள் முழுக்க அடுத்தவர் செய்த ராட்டினங்களைப் பழுது பார்த்தவர் அவர். இதுதான் அவரே யோசித்து, அவரே வரைந்து, அவரே கட்டிய முதல் ராட்டினம். திருவிழாவில் அதன் விசையை முதன்முதலாகத் திருப்பப் போவதும் அவர்தான். இறைச்சிக் கடைக்காரரிலிருந்து பாதிரியார் வரை ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தார். அதற்குள் முடிக்க வேண்டிய வேலை இன்னும் மலையாகக் கிடந்தது.

வீட்டில் மனைவி ரோஸ்விதா சமையலறையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். பூக்கடை வேலைக்கு அன்று விடுமுறை. கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் ராட்டினத்தைத் தவிர வேறு பேச்சைக் கேட்டறியாத புண்ணியவதி.

"என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"கனவு கண்டதுக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நல்லதாப் போச்சு. நீயும் தூங்கு, என்னையும் தூங்க விடு," என்று சொல்லி சோபாவுக்கு எதிர் நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள்.

ஈரல் தொத்திறைச்சியும் ரொட்டியும் உள்ளே போனதும் எக்பெர்ட் சோபாவிலேயே கண்ணயர்ந்தார். குதிரை மறுபடி வந்தது. இந்தத் தடவை வானத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர்க்கூரைகள் எல்லாம் கீழே மிதந்தன. "மேடை ஒரு பக்கம் சாயுதுப்பா. ஆத்துப் பக்கத்துக் காலுக்கு ஒரு பலகை குடு," என்றது.

விழித்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பொய்யும் வராது, பொறுமையும் வராது அந்த மனுஷனுக்கு. தொலைபேசியை எடுத்தார். தொழிற்சாலையில் எடுத்தது யார்? வேறு யார், ராட்கெதான்.

"பலகை வைக்கச் சொல்லிடறேன். கனவு எத்தனை மணிக்கு?"

"இப்பத்தான். ரெண்டு மணி."

"அப்போ ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓய்வு."

"சரி, ஒரு மணிக்கு வரவா?"

"ராத்திரி வேலைக்கு வேற சட்டம் இருக்கு. அதுக்குள்ள போனா நம்ம ரெண்டு பேரும் வெளிய வர முடியாது."

மறுநாள் முதலாளி லூடிக்கெயே தலையிட்டார். அவர் தலையிட்டு எது உருப்பட்டது?

"எக்பெர்ட், இந்த வாரம் கனவே காணாதீங்க," என்றார்.

"ஊழியர் என்ன கனவு காணணும்னு முதலாளி உத்தரவு போடறதா?" என்று ராட்கெ எழுந்து நின்றார்.

"சரிம்மா, அந்தக் கனவுக்கும் சம்பளம் குடுத்துடறேன்."

"சம்பளம் குடுத்தா வேலைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. பகல் வேலையையும் சேத்தா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டிடும். அதுக்குத் தனியா அபராதம்."

லூடிக்கெ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வேலை சம்பந்தமில்லாத கனவா காணுங்களேன். கடல், கிடல்னு ஏதாவது."

எக்பெர்ட் கடல் படத்தைப் பார்த்துக்கொண்டே படுத்தார். கடலும் வந்தது, பால் மாதிரி, அலையே இல்லாமல். அதன் நடுவிலிருந்து வெள்ளைக் குதிரை சொட்டச் சொட்ட நனைந்து எழுந்து வந்து, "நடு அச்சுக்கு கிரீஸ் பத்தாது" என்றது. காலையில் சொல்லிவிட்டார். மத்தியானம் வரை ராட்கெ அவரை வாசலில் உட்கார வைத்துவிட்டார். உள்ளே மற்றவர்கள் கிரீஸ் பூசுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர் மாதிரி ஏங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ராட்கெயே இரக்கப்பட்டு, பூக்கடைக்கே போய் ரோஸ்விதாவைப் பார்த்தார்.

"வேலைக் கனவு வர்ற மாதிரி தெரிஞ்சா தட்டி எழுப்பிடுங்க. பாவம், மனுஷன் சனிக்கிழமைக்காகத் தவிக்கிறாரு."

"நான் எப்படியும் முழிச்சுதான் கெடக்கறேன்," என்றாள் ரோஸ்விதா, வாயைப் பொத்திக்கொண்டு.

அப்படியும் குதிரை வராமல் இல்லை. விளக்குச் சரம் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது.

"எழுப்பலையா ரோஸ்விதா?"

"எழுப்பினா உன்னை மறுபடி யார் தூங்க வைக்கறது?" அவள் கண்கள் சிவந்திருந்தன. எக்பெர்ட் தன் கவலையில் இருந்தார், அதைக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. சந்தைத் திடலில் ராட்டினம் புது மணப்பெண் மாதிரி நின்றது. பித்தளை மின்னியது. பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். ஊர்த்தலைவர் பேசி முடித்தார். எக்பெர்ட் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு விசையை நோக்கி நடந்தார். ராட்கெ குறுக்கே வந்து நின்றார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"இன்னிக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார் எக்பெர்ட். "அஞ்சு மணிக்கு. 'முதல் சுத்து மெதுவா விடு'ன்னு சொல்லிச்சு."

"அய்யோ, ஏன் சார் சொல்றீங்க?"

"கேட்டீங்களே."

"அப்போ சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நீங்க தொடக் கூடாது. எனக்கும் மனசு வரல. ஆனா உங்களுக்காக ஒரு தடவை வளைச்சா, நாளைக்கு வேற ஒருத்தனைப் பிழிஞ்சு எடுக்கறதுக்காக இதே சட்டத்தை வளைப்பாங்க."

அதில் தப்புச் சொல்ல எக்பெர்ட்டால் முடியவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"பிள்ளைங்க காத்திருக்கு, நானே திருப்பிடறேன்," என்று லூடிக்கெ சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.  இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் திருப்புளியைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள் கையில் போகிறதே என்று எக்பெர்ட்டுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

ராட்கெ கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "யாரும் தப்பா நினைக்காதீங்க. இந்த வாரம் தூங்க வேண்டிய நேரத்துல இந்த ராட்டினத்துக்காக யார் வேலை பாத்தாங்களோ, அவங்க இப்போ வீட்டுக்குப் போய்ப் படுக்கணும். அவ்வளவுதான் சட்டம்."

வெள்ளைக் குதிரையின் கழுத்தில் சாய்ந்து கண்ணை மூடி நின்றிருந்த ரோஸ்விதா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்போ நான் கிளம்பறேன் மேடம், அவரைத் திருப்ப விடுங்க," என்றாள். "அவர் விடிய விடியக் குறட்டை விட்டுத் தூங்கினவரு, 'குதிரையே, இப்ப என்ன செய்யட்டும்'னு தூக்கத்துல அவர் அரிச்செடுக்கறப்பல்லாம் முழிச்சு உக்காந்து பதில் சொன்ன குதிரை நான்தான்."