விமானத்தில் பாரம் மாற்றிய தண்டல்

மிதப்பதோ உருளுவதோ பறப்பதோ, எதுவானாலும் அதை ஓட்டுகிறவனுக்கு வழி சொல்ல ஆண்டவர் தன்னைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று நம்பியவர் எங்கள் தெரு தண்டல். தோணியை நடத்துகிற தலைவனுக்குத் தூத்துக்குடியில் அதுதான் பேர். தோணியை விட்டு இறங்கிப் பல வருஷமாகியும் வழி சொல்லும் வேலையை விடவில்லை. உடன்குடி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்று, "வலத்தே பிடி, வலத்தே பிடி" என்பார். ஆலந்தலையில் அவரை இறக்கிவிட்டு பஸ் போன நாளும் உண்டு. மாதா சப்பரம் முனை திரும்பும்போது பங்குச் சாமியாரையே ஒதுங்கச் சொல்லுவார்.

என் மனைவி ரோஸ்லினுக்குச் சென்னையில் இருதய ஆபரேஷன் நடந்தபோது, கூட வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவரும் அவர்தான். உடம்பு அலுங்கக் கூடாது, பயம் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். அதனால் ஊருக்கு விமானத்தில் வந்தோம். இறக்கையில் காத்தாடி சுற்றுகிற சின்ன விமானம். மூன்று பேருக்கும் முதல் பயணம். இடப்பக்க ஜன்னலில் தண்டல், அவருக்கு அடுத்து ரோஸ்லின், நடைபாதைக்கு இந்தப் பக்கம் நான்.

உப்பளம் தெரிந்ததும் சோழகம், அதாவது தென்காற்று, விமானத்தின் இடது விலாவில் அறைந்தது. முன்னால் இருக்க வேண்டிய ஓடுதளம் என் பக்கத்து ஜன்னலில் தெரிந்தது! நண்டு மாதிரி ஒருக்களித்துப் போகிறோம். ரோஸ்லின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்துவிட்டது. மாதாவே, இவளைத் தரையில் சேர்த்துவிடு.

"ஏங்க, ரோடு அங்கன கெடக்கு, இவன் எங்கன போறான்?"

"சரியாத்தான் போறான், ஏளா," என்றார் தண்டல். "காத்து தள்ளும்னு மூக்கக் காத்துக்குள்ள வச்சிருக்கான். துறைமுக வாயில நானும் அப்படித்தான் நுழைவேன். பயப்படாத."

தரை தொடப்போகும் நேரம் ஒரு வீச்சு. இஞ்சின் அலறியது. விமானம் மறுபடி வானத்துக்கு ஏறிவிட்டது. பின்னால் யாரோ அழுதார்கள்.

"ஏலே மாப்பிள! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! காத்து வாற பக்கம் பாரம் வேணும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார் தண்டல்.

தோணி சாய்ந்தால் ஆட்கள் காற்றுப் பக்கம் போய் உட்காருவது வழக்கம். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். பின்னாலிருந்த வேம்பார்க்காரர் ஒருவரும் கழற்றினார்.

"சார்! உக்காருங்க!" பணிப்பெண் போட்ட சத்தத்தில் ரெண்டு பேரும் பொத்தென்று விழுந்தோம்.

"அந்தப் பிள்ளைக்குக் கடல் தெரியாது. சரி, இருந்த எடத்துலயே சாயுங்க!"

சத்தியமாகச் சொல்லுகிறேன், விமானத்தில் பாதிப் பேர் இடப்பக்கம் சாய்ந்தார்கள். அந்த நிலையிலும் ரோஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி உப்பளம். மறுபடி ஒருக்களிப்பு. அருள்நிறை மரியே ஜெபத்தைப் பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கடைசி நொடியில் மூக்கு நேரானது, இடது இறக்கை தாழ்ந்தது, இடது சக்கரம் மட்டும் தரையில் மோதியது. கொஞ்ச தூரம் ஒற்றைக் காலில் ஓடினோம். பிறகு மற்றதும் இறங்கியது.

"பாத்தியா, பாரம்!" என்றார் தண்டல்.

எல்லாரும் இறங்கிய பிறகும், விமானி வரும்வரை அவர் நகரவில்லை. அந்தப் பையனைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, நானாயிருந்தா இந்தக் காத்துல உள்ள வந்திருக்க மாட்டேன். வெளியிலேயே நங்கூரம் போட்டிருப்பேன்."

படியில் கால் வைத்ததும் அவருக்கு முழங்கால் மடங்கிவிட்டது. சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. நான் தாங்கப் போனேன், தட்டிவிட்டார். ரோஸ்லின்தான் கையை நீட்டினாள்.

"மெதுவா வாங்க அண்ணாச்சி. நான் பிடிச்சிருக்கேன்லா."