சப்பாத்தரின் கதிர்காமம்

இங்கிலாந்துக்கு வந்த தமிழர்களிலேயே சப்பாத்துக்கு அதிக மரியாதை கொடுத்தவர் சப்பாத்தர்தான். நாங்கள் எல்லோரும் அதைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு திரிந்தோம். அவர் இரண்டு சப்பாத்தின் கயிற்றையும் சேர்த்து முடிந்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, டார்பிஷயரில் இருக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் முழுவதையும் வெறுங்காலால் நடந்தார். அது ஒரு தேசியப் பூங்கா. அதன் பாதைகளை அங்கே சம்பளத்துக்கு நின்ற வார்டன்களுக்குக்கூட அவ்வளவு தெரிந்திருக்காது. அவர்களுக்குக் கண்ணால் தெரியும். இவருக்கு உள்ளங்காலால் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். சப்பாத்தர் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். ஐம்பதைத் தொட்ட வயது. நான் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தேவன் என்ற வாய்க்காரன் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றான். மற்ற மூவருக்கும் தேவன் பேசி முடித்த பிறகுதான் வாய் திறக்க இடம் கிடைக்கும்.

சப்பாத்தருக்கு ஒரே மகன், சுதன். பத்தொன்பது வயது. ஊரில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய்த் தெற்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். தாய் மாதம் ஒரு தடவை பஸ் மாறி மாறிப் போய், முகாம் வாசலில் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பார். மகனைக் காட்ட மாட்டார்கள். ஆனால் பார்சலை வாங்கினால் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அதனால் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரு கேள்விதான் கேட்போம்.

"வாங்கினவங்களோ அண்ணை?"

"வாங்கினவங்கள்."

அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தேத்தண்ணி இறங்கும்.

மகன் வெளியே வந்தால் வடக்கே செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து தெற்கே கதிர்காமத்து முருகனிடம் வெறுங்காலோடு பாதயாத்திரை போவதாக அவர் நேர்த்தி வைத்திருந்தார். ஆனால் அகதி விண்ணப்பம் போட்டவர் ஊருக்குத் திரும்பிப் போக முடியாது. போனாலும் அந்தப் பாதையில் அப்போது முருகனே நடந்திருக்க மாட்டார். என்ன செய்வது என்று சப்பாத்தர் ஒரு வருடம் யோசித்தார். பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா ஒன்றில் டார்பிஷயரில் குகை பார்க்கப் போனோம். நாங்கள் கார் பார்க்கில் நின்று கட்லட் சாப்பிட்டோம். அவர் ஒரு மதிலடியில் குந்தியிருந்து கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இது எங்கட கல்லு," என்றார். "எங்கட வளவுக் கிணறு வெட்டேக்கை வந்த அதே கல்லு."

"எல்லாக் கல்லும் கல்லுத்தானே அண்ணை. லண்டனிலை நடவுங்கோவன்," என்றான் தேவன்.

"லண்டன் களிமண். களிமண்ணிலை நடந்து முருகனிட்டைப் போகேலாது."

முந்நூறு மைல் என்பது அவருடைய கணக்கு. மாதம் ஒரு சனிக்கிழமை ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ப் பன்னிரண்டு மைல் நடப்பார். பூங்காவின் நடைபாதை வரைபடத்தை வாங்கி, அதன்மேல் பேனாவால் எங்கள் ஊர்ப்பெயர்களை எழுதினார். அந்த மேட்டுநிலம் அவ்வளவு நீளமில்லை. பாதை வளைந்து வளைந்து வந்ததில் திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே ஆட்டுப்பட்டிக்குள் விழுந்தன.

தேவன் விடவில்லை. "ரயிலிலை போய் இறங்கி நடந்தா அது பாதயாத்திரையோ? அப்பிடியெண்டா நானும் டியூப்பாலை இறங்கி வீட்டுக்கு நடந்துதான் வாறன். எனக்கும் ஒரு தேவாரம் பாடுங்கோ."

"நீ சப்பாத்தோடை வாறாய். உன்ரை நடை கணக்கிலை வராது."

"சரி, நேர்த்தியெண்டா காரியம் முடிஞ்ச பிறகுதானே செய்யிறது? நீங்கள் முதலே நடந்து குடுத்தா முருகனுக்கு என்ன அவசரம்?"

"அவருக்கு வெக்கம் வரவேணும். இந்த மனிசன் நடந்து முடிக்கப்போறான், நான் இன்னும் பெடியனை வெளியிலை எடுத்து விடேல்லை எண்டு."

துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் அதிகம் பேசாதவன் என்பதுதான் என் தகுதி. தேவன் வந்தால் முருகனுக்குப் பேச இடம் கிடைக்காது என்றார். பாண், சம்பல், பிளாஸ்டர், வரைபடம் எல்லாம் என் பையில் இருக்கும். அவர் முன்னால் போவார். மதில்களில் ஆடு போகாமல் ஆள் மட்டும் போகக்கூடிய கல் இடுக்குகள் உண்டு. ஒவ்வொரு இடுக்கிலும் தலைகுனிந்து, மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, "அரோகரா" என்பார். முதல் வருடம் ஆடுகள் ஓடின. இரண்டாம் வருடம் ஓடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றன.

சுண்ணாம்புக்கல் மழையில் நனைந்தால் வழுக்கும் சவர்க்காரம். காய்ந்தால் கத்தி. மாலையில் அவருடைய கால்களுக்கு நான்தான் பிளாஸ்டர் ஒட்டுவேன். ஒரு தடவை பூங்கா வார்டன் ஒருவர் எங்களை மறித்தார். சப்பாத்து தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, கழுத்தில் பத்திரமாக இருக்கிறது என்றார் சப்பாத்தர். நன்கொடை நடையா, யாருக்காக என்று கேட்டார் வார்டன். மகனுக்காக. ஸ்பான்சர் யார்? முருகன். வார்டன் அதை ஒரு கொம்பனி என்று நினைத்திருக்க வேண்டும். பிளாஸ்டர் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவர்கள் உங்களுக்கு ஒரு ஜோடி காலுறையாவது தந்திருக்கலாம் என்றார்.

இன்னொரு நாள் கொட்டும் மழையில் ஒரு விவசாயி இரங்கி, மறுக்க மறுக்க அவரைத் தூக்கி டிராக்டரில் ஏற்றி அரை மைல் கொண்டுபோய் விட்டார். அடுத்த மாதம் நாங்கள் அந்த அரை மைல் பின்னால் போய்த்தான் தொடங்கினோம்.

"முருகன் இதையெல்லாம் பாக்கிறாரோ அண்ணை?" என்று கேட்டேன். எனக்குக் கால் நொந்தது.

"டிராக்டரைக் கட்டாயம் பாத்திருப்பார்."

அங்கே ஓர் ஓடை உண்டு. நன்றாக ஓடி வந்து, ஒரு பள்ளத்தில் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். அதற்கு அப்பால் காய்ந்த புல்தான். இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"கீழை எங்கையோ ஓடுது. எங்கட ஊரிலையும் அப்பிடித்தானே. காணேல்லை எண்டதுக்காக இல்லையெண்டு சொல்லேலாது."



இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. வரைபடத்தில் பொத்துவிலைத் தாண்டிவிட்டோம். கதிர்காமத்துக்கு முந்திய காட்டின் கடைசித் துண்டுதான் மிச்சம், ஒரே ஒரு நடை. அந்த நேரம்தான் அந்தக் கடிதம் வந்தது. வழக்கம்போல தேவன்தான் கேட்டான்.

"வாங்கினவங்களோ அண்ணை?"

சப்பாத்தர் கடிதத்தை மடித்தார். திரும்பவும் பிரித்துப் பார்த்து மடித்தார்.

"இல்லை."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை யாரும் எழும்பவில்லை. இரண்டு கிழமை கழித்துக் கீழே கடைக்கு டெலிபோன் வந்தது. முகாமில் இருந்து விடுபட்ட ஒரு பெடியன் தாயிடம் போய் நடந்ததைச் சொல்லியிருந்தான். உடல் தரவில்லை. எங்கே என்றும் சொல்லவில்லை. நாங்கள் மேல்மாடியில் ஒரு படத்தை வைத்து விளக்கேற்றினோம். தேவன் ஒரு மாதம் ஒரு பகிடியும் விடவில்லை. அந்த வீடு அவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அடுத்த சனிக்கிழமை, சப்பாத்தர் சப்பாத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"அண்ணை, இனி என்னத்துக்கு?" என்றான் தேவன். குரல் மெல்லியதாக இருந்தது.

"போய்க் கேக்கவேணும்."

"ஆரிட்டை?"

"வேறை ஆரிட்டை. பாதி வழியிலை நிண்டு கேட்டா அவருக்குச் சாட்டு. நீ மிச்சம் பன்னிரண்டு மைல் நடக்கேல்லை, அதுதான் எண்டு சொல்லுவார். முடிச்சுப்போட்டுக் கேக்கிறன்."

அன்றைக்கு ஆறு பேரும் போனோம். முதல் மதிலிலேயே தேவன், யாரும் சொல்லாமல், குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினான். அரை மைலில் அந்தக் கல்லைப் படைத்தவர்களைத் தாய் தகப்பன் வரை திட்டினான். ஆனால் திரும்பப் போடவில்லை. சப்பாத்தர் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வரைபடத்தில் முந்நூறு மைல் முடிந்த இடம் ஒரு கார் பார்க். ஒரு பக்கம் கழிப்பறை, ஒரு பக்கம் ஐஸ்கிரீம் வண்டி. நடுவில் பூங்காவின் படம் போட்ட பலகை. அதுதான் கதிர்காமம். அவர் பலகையின் முன் ஒரு தட்டையான கல்லில் கற்பூரம் வைத்தார். காற்றில் பற்றவில்லை. தேவன் ஜாக்கெட்டைக் கழற்றி மறைப்பாகப் பிடித்தான்.

"தள்ளிப் பிடி. பெட்ரோல் மணக்குது. எல்லாரையும் ஒரேயடியா அனுப்பப் போறாய்."

கற்பூரம் பற்றியது. நாங்கள் பின்னால் நின்றோம். அவர் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தோம். இரண்டு கையையும் கூப்பி, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வதுபோலத் தொடங்கினார்.

"சுதன். அனுஷ நட்சத்திரம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்கு. இரண்டு வருடம் ஒவ்வொரு மதிலிலும் அந்தப் பெயரைச் சொன்ன வாய் அது. ஐஸ்கிரீம் வண்டிக்காரன் எங்களைப் பார்த்துத் தன் மணியை நிறுத்திவிட்டான். கற்பூரம் பாதியாகிவிட்டது.

"தேவன், உன்ரை நட்சத்திரம் என்ன?" என்றார், திரும்பாமல்.

"என்னத்துக்கண்ணை?"

"இவ்வளவு தூரம் நடந்து வந்திட்டு வெறுமனே போறதோ? கற்பூரம் முடியப்போகுது. சொல்லு."

"தெரியாதண்ணை. அம்மாவுக்குத்தான் தெரியும்."

"சரி, பெயர் மட்டும் காணும்."

தேவன் ஜாக்கெட்டால் முகத்தை மறைத்துக்கொண்டான். சப்பாத்தர் அவன் பெயரைச் சொன்னார். மற்ற மூவரையும் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். கடைசியாக என் பெயரைச் சொல்லி, உடனே "பூரட்டாதி" என்றார். என்னிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. எப்போது அவரிடம் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. இந்த நாட்டில் என் நட்சத்திரம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.