பழகத் தெரியாத பிள்ளைகள்

நெப்ராஸ்காவில் அது பிப்ரவரி மாதம். பனி பெய்து முடித்து அழுக்காகிக் கிடந்தது. ஆரின் ஹாஸ்கல் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து நின்று தன் முடிவை அறிவித்தான்.

"நம்ம பிள்ளைங்களுக்கு மனுஷங்களோட பழகவே தெரியல, லோர்னா."

மகனின் பின்னக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? போன ஞாயிறு சர்ச் வாசல்ல நம்ம ஹேசல் ஒரு கிழவரோட சிறுநீரகக் கல்லைப் பத்தி அரைமணி நேரம் விசாரிச்சிட்டிருந்தா. ஒன்பது வயசுப் பொண்ணு பேசற பேச்சா அது?"

"அவரு சந்தோஷமாத்தானே பதில் சொன்னாரு? நீ எப்படிப் பார்த்தே?"

"வண்டிக் கண்ணாடி வழியா. அந்த எஸ்ரா இதுக்கும் மேல. கோழிங்களுக்குள்ள தேர்தல் வெக்கிறான். வீட்டுலயே வெச்சுப் பாடம் சொல்லிக் குடுத்தா இப்படித்தான். பள்ளிக்கூடத்துல போட்டுடலாம்."

உண்மையில் அவனுக்கு வேண்டியது பள்ளிக்கூடம் அல்ல, சத்தமில்லாத வீடு. இலையுதிர்காலத்தில் அண்ணன் வெர்னனை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததிலிருந்து யார் பேசினாலும் அவனுக்குக் காது வலித்தது. சர்ச்சுக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போவான். தான் மட்டும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் குனிந்து காலணியில் எதையோ தேடுவான். பிள்ளைகள் போய்விட்டால் பகலெல்லாம் வீடு ஒரு குழி மாதிரி அடங்கிக் கிடக்கும். அதற்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

"பள்ளிக்கூடம்தானே, போடலாம்" என்றாள் லோர்னா. அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். "ஆனா பழகத் தெரியாத பிள்ளைங்களை அப்படியே கொண்டுபோய்த் தள்றது பாவம் இல்லையா? வெள்ளிக்கிழமை மத்தியானம் நூலகத்துல வீட்டுல படிக்கிற பிள்ளைங்க எல்லாம் கூடறாங்க. கொஞ்ச நாள் போய் வரட்டும். அப்பவும் தேறலேன்னா நீ சொன்ன மாதிரியே செஞ்சுடலாம்."

"சரி, கூட்டிட்டுப் போ."

"நான் எங்க போறது? முதுகு பிடிச்சிருக்கு. வண்டி ஓட்ட முடியாது."

வெள்ளிக்கிழமை நூலக வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, தொப்பியை மூக்கு வரை இழுத்துக்கொண்டு வண்டியிலேயே சாய்ந்தான். ஹேசல் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அப்பா, ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறையுது."

உள்ளே போனான். சீட்டாட்ட மேசையில் எஸ்ராவுக்குப் பக்கத்தில் ஒரு மலை உட்கார்ந்திருந்தது. பெயர் ஃப்ளாய்ட், யாருடைய அப்பாவோ. கையில் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். ஆட்டம் தொடங்கியதும் ஹேசல் தாகம் என்று எழுந்தாள். எஸ்ராவுக்கு ஒன்றுக்கு வந்தது. இருவரும் திரும்பவில்லை. இரண்டு ஆண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

"குளிர்" என்றான் ஃப்ளாய்ட்.

"ஆமா."

அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அடுத்த வாரமும் பிள்ளைகளுக்குத் தாகம். ஃப்ளாய்ட் தன் கன்றுக்குட்டிகளைப் பற்றிச் சொன்னான். அதற்கடுத்த வாரம் ஒரு கன்று பிறக்கும்போது தலை திரும்பி மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னான். ஆரின் தன்னை அறியாமல், "எங்க அண்ணன் இருந்திருந்தா கையை விட்டு..." என்று தொடங்கினான். சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃப்ளாய்ட் ஆறுதல் சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை. யாரோ வீட்டில் செய்து கொண்டுவந்திருந்த ஆப்பிள் கேக்கை அவன் பக்கம் நகர்த்தினான். ஆரின் அதை முழுசாகத் தின்று முடித்தான்.

வீட்டுக்கு வந்து லோர்னாவிடம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான். "பிள்ளைங்க ரொம்ப மோசம். ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குதுங்க. இந்த நிலைமையில பள்ளிக்கூடம் சரிப்படாது. இன்னும் கொஞ்ச நாள் நானே கூட்டிட்டுப் போறேன்."

"உனக்குத்தான் சிரமம்" என்றாள் லோர்னா.

பனி உருகத் தொடங்கிய வாரம் ஃப்ளாய்ட் கேட்டான்: "உன் பொண்டாட்டி ஏன் ஒருநாளும் வர்றதில்ல?"

"முதுகுவலி. உன் வீட்டுல?"

"முழங்கால். வெள்ளிக்கிழமைன்னா வந்துடும்." சொல்லிவிட்டு ஃப்ளாய்ட் சற்று யோசித்தான். "சனிக்கிழமை நடனத்துக்குப் போயிடறா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரின் சீட்டைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு அப்போதே கிளம்பினான்.

வீட்டு முற்றத்தில் லோர்னா கோடாலியைத் தலைக்கு மேல் ஓங்கி விறகு பிளந்துகொண்டிருந்தாள். வண்டி சரியாக நிற்பதற்குள் ஹேசல் குதித்து ஓடினாள்.

"அம்மா, இன்னைக்கு அப்பா தானாவே ஒரு கேள்வி கேட்டாரு."

"அப்படியா? எஸ்ரா, நீ பார்த்தியா?"

"அலமாரிக்குப் பின்னாலேருந்து பார்த்தேன். யாரும் எடுத்துக் குடுக்கல" என்றான் எஸ்ரா, சாட்சி சொல்கிறவன் மாதிரி.

வண்டியிலிருந்து இறங்கிய ஆரினுக்கு எல்லாம் விளங்கியது. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. தரையைப் பார்த்தபடி, "எத்தனை நாளா இது நடக்குது?" என்று முணுமுணுத்தான்.

ஹேசல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்: "அப்பா, பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசணும். பரவாயில்ல, அது அடுத்த பாடம்."