கோல்ஃப் ஆடிய எலி

பிசியோதெரபிஸ்ட்டிடமே இடுப்பு வலி என்று பொய் சொல்லித் தப்பித்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். நம்ம லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் அதைச் சொந்த வீட்டிலேயே சாதித்தார். பின்பக்க மதிலோரம் செடி வைக்கக் குழி தோண்டித் தரச் சொன்னாள் மனைவி. "குனியவே முடியலம்மா" என்றார். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊரார் இடுப்பை நிமிர்த்துகிறவள், செருப்புத் தேய்மானத்தைப் பார்த்தே முழங்காலின் கதையைச் சொல்கிறவள், "சரி, ஓய்வெடுங்க" என்று போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக அவள் நம்பியபோதே மனுஷனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மறுநாளே வினை வந்தது. புது மேனேஜர் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை கோல்ஃப் ஆட வர்றீங்களா?" என்றார். சீஃப் சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருந்த சமயம்.

"வருஷக்கணக்கா ஆடறேன் சார்" என்று வாய் முந்திக்கொண்டது.

அவர் வாழ்நாளில் மட்டையைப் பிடித்ததே இரண்டு தடவைதான். அன்று சாயங்காலமே ஒரு பழைய மட்டையை வாங்கி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தார். அதற்கப்புறம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குனிய முடியாதவர் மட்டை சுழற்றுவது தெரிந்தால் அடுத்த நிமிஷம் கையில் கடப்பாரை வந்துவிடும்.

விடிகாலையில் மனைவி குளிக்கிற நேரம்தான் பயிற்சி. புல்தரைக் கோடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்து ஸ்பாஞ்ச் பந்தை அடித்தார். பந்து வலது பக்கம் வளைந்து ஓடியது. புல்லும் மண்ணும் பெயர்ந்து பறந்தன. ஆறு அடி, ஆறு பள்ளம்.

"ஏங்க, தரையில என்ன இது?"

"எலி."

"எலியா?"

"பெருச்சாளி. வாலே இத்தனை நீளம்!"

அவள் உட்கார்ந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள்.

"எல்லாம் இடது பக்கமே சாய்ஞ்சு போகுதே?"

"இடதுகை எலியா இருக்கும்."

"இல்லங்க, வலதுகை எலிதான். இடுப்பு திரும்பறதுக்கு முன்னாடி தோள் பாஞ்சிடுது. கை வெளியே போயி குறுக்கே இழுக்குது. அப்படி இழுத்தா பள்ளம் இடது பக்கம் போகும். எதிர்ல பந்து கிந்து இருந்தா, அது வலது பக்கம் வளைஞ்சு ஓடும்."

அவர் மெல்லக் கிட்டே வந்தார்.

"அதுக்கு என்ன வைத்தியம்?"

"எதுக்கு?"

"எலிக்கு."

"இடுப்பை முதல்ல திருப்பணும். வலது முழங்கை விலாவோட ஒட்டியே இருக்கணும்."

அன்று ஆபீசில் லிஃப்டுக்குள் முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பைத் திருப்பித் திருப்பி ஒன்பது மாடி ஏறி இறங்கினார். கூட ஏறியவர்கள் மூன்றாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள்.

புதன்கிழமை புல்தரை நடுவில் எலிப்பொறி இருந்தது. அரையிருட்டில் தெரியவில்லை. 'படார்' என்று செருப்பு நுனியைக் கவ்வியது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாயைப் பொத்திக்கொண்டு நொண்டினார்.

"நடுவுல தோண்டினா புல்லு பாழாகுது" என்றாள் அவள் காபி ஆற்றியபடி. "மதிலோரமா தோண்டட்டும். அங்க பொறி வைக்க மாட்டேன்."

"எலிக்கு அது எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுக்கும்."

தெரிந்துகொண்டது.

சனிக்கிழமைக்குள் மதிலோரம் பள்ளங்கள் நூல் பிடித்தாற்போல் தொட்டியைப் பார்த்து நின்றன. அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்ததில் ஒவ்வொன்றும் ஒரு சாண் ஆழம். "எலி தேறிடுச்சுங்க" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளை ஏமாற்றிக்கொண்டே அவளிடமே பாடம் கேட்ட தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, "ஆபீஸ்ல அவசர வேலை" என்று கிளம்பினார். மைதானத்தில் முதல் அடி. இடுப்பு திரும்பியது, முழங்கை ஒட்டியது, திசை அப்பழுக்கில்லை. ஆனால் மட்டை பூமிக்குள் இறங்கிவிட்டது. பந்து நாலு தப்படி நகர்ந்தது. பெயர்ந்த புல்கட்டி பறந்துபோய் மேனேஜரின் வெள்ளைத் தொப்பியில் உட்கார்ந்தது. இரண்டாவது அடியிலும் பந்தைவிட மண்தான் தூரம் போனது.

மேனேஜர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "திசை பிரமாதம். இவ்வளவு ஆழத்துல என்ன தேடறீங்க?"

மைதானத்து ஆள் மண்வாளியோடு பின்னாலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தான். ஆட்டம் முடிந்ததும் மேனேஜர், "வருஷக்கணக்கா ஆடறீங்களா, உழறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். நாற்காலி கைநழுவியது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்தவர் நேரே பின்பக்கம் பாய்ந்தார். மனைவி மதிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"தோளைச் சொன்னே, இடுப்பைச் சொன்னே, முழங்கையைச் சொன்னே! ஆழத்தைப் பத்தி மட்டும் ஏன் வாயே திறக்கலை?"

கத்திய பிறகுதான், எலி தானேதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது உறைத்தது. அதற்குப் பிறகுதான் அவள் முன்னால் வரிசையாகத் தலையாட்டிக்கொண்டிருந்த செடிகள் கண்ணில் பட்டன.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசிச் செடியைப் பள்ளத்தில் இறக்கி, சுற்றிலும் மண்ணை அழுத்தினாள்.

"ஆழம் இல்லேன்னா வேர் எப்படிங்க பிடிக்கும்?"