இரண்டாவது மகளுக்கு நான் பேர் வைத்த கதை

இந்தத் தடவை பேர் வைக்கப் போவது நான்தான் என்று முடிவு எடுத்தேன்.

மூத்தவளுக்குக் கலைச்செல்வி என்று வைத்தது என் மனைவி புஷ்பம். என்னைக் கேட்காமல் வைத்தாள் என்று சொன்னால் அது பொய். கேட்டாள். "கலைச்செல்வின்னு வச்சாச்சு, நல்லாருக்குங்களா?" என்று கேட்டாள்.

தெரணியகலைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், ஸ்டோரில் எனக்கு வேலை. நாள் முழுக்க ரப்பர் சீட்டை உருளையில் விட்டு இழுப்பேன். ரப்பர் இழுத்த பக்கம் வரும். புஷ்பம் வரமாட்டாள். இது தொண்ணூற்றொன்பதாம் வருசம், சண்டைக் காலம். சின்னவள் பிறந்து இருபத்தாறு நாள். அந்த இருபத்தாறு நாளும் அவள் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. நாளைக்குள் பேரை எழுதிக் கொடு என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா சொல்லிவிட்டார்.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதே ஆரம்பித்தேன்.

"மலர்விழி."

"மலான்னுதான் கூப்பிடுவாங்க. சிங்களத்துல மளான்னா செத்துட்டான்னு அர்த்தம். பொறந்து ஒரு மாசம்கூட ஆகல."

"ரோஜா."

"தொரை பங்களா நாய் பேரு ரோசி. ரெண்டும் சேர்ந்து ஓடிவரும், பரவால்லயா?"

"சரி, யாழினி. எவ்வளவு அழகான பேரு!"

"அழகுதாங்க. கொழும்புக்குப் போறப்ப செக்பாயிண்ட்ல ஆமிக்காரன் பஸ்ஸை நிப்பாட்டி, யாழினியா, யாழ்ப்பாணமான்னு கேப்பான். நம்ம புள்ள தெரணியகலைன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும்."

இதற்கு நான் சிரிக்கவில்லை. போன வருசம் அதே செக்பாயிண்டில் என்னையே இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

கடைசியாக, ஒளித்து வைத்திருந்த பேரை எடுத்தேன். "நந்தினி."

புஷ்பம் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "நந்தினி, நந்தா, நெந்தா. சிங்களத்துல அத்தை. கடைத்தெருவுல எல்லாரும் இவளை அத்தைன்னு கூப்பிடட்டும். கலைச்செல்வியும் அத்தையும் பள்ளிக்கூடம் போறாங்கன்னு சொல்லலாம்."

எனக்கு உடம்பெல்லாம் சோர்ந்துவிட்டது. சீனி வாங்கிவருகிறேன் என்று பளீல் நானா கடைக்கு இறங்கினேன். பளீல் நானா ஆறு பெண்பிள்ளைகளின் வாப்பா. அவருக்குத் தெரியாத வழி இருக்காது. நடந்ததைச் சொன்னேன்.

"அழகமுத்து, நீங்க வேணும் என்டு கேட்டா பொஞ்சாதி தரமாட்டா," என்றார் அவர். "அவவால தாங்கவே ஏலாத ஒரு பேரைச் சொல்லுங்க. பயந்து போய் உங்கட பேருக்கே வந்திருவா."

அப்படி ஒரு பேர் என்னிடம் இருந்தது. புஷ்பத்தின் அக்கா பேர். எம்பிலிப்பிட்டியவில் தையல் கடை வைத்திருக்கும் மூக்காயி. அம்மா செத்த பிறகு புஷ்பத்தை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். எங்கள் கல்யாணத்தில், போட்டோ எடுக்கும்போது, "மாப்புள காலுக்கடியில ரெண்டு செங்கல்லு வைங்க" என்று சபையில் சொன்னவளும் அவள்தான். வைத்தார்கள். நானும் ஏறி நின்றேன். அதோடு பேச்சு நின்றது. ஏழு வருசம்.

இந்தக் காலத்தில் எந்தத் தாய் பிள்ளைக்கு மூக்காயி என்று வைப்பாள்? சீனியை மறந்துவிட்டு மேலே ஏறினேன்.

"புஷ்பம், யோசிச்சுப் பாத்தேன். நந்தினி வேணாம். உன்னைய வளர்த்த அக்கா பேரையே வச்சிருவோம்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பொய்யா சொல்லுவேன்? அந்தப் பேரைத் தவிர வேற பேரு இந்த வீட்டுல கெடையாது." கொஞ்சம் நெஞ்சில்கூட அடித்துக்கொண்டேன்.

"கலை, இங்க வா. அப்பா என்ன சொன்னாரு?"

"பெரியம்மா பேரு," என்றாள் கலைச்செல்வி.

புஷ்பத்தின் கண் நிறைந்துவிட்டது. பயத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். இப்போது நந்தினி வரும் என்று காத்திருந்தேன்.

"ஏழு வருசமா அவங்க பேரை எடுத்தாலே மொகத்தைத் திருப்பிக்குவீங்க. நானா எப்படிங்க கேக்கிறது? உங்க வாயாலயே சொல்லிட்டீங்க." முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்திராணின்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"இந்திராணி யாரு?"

"அக்காதான். அவங்களுக்கு முன்னாடி பொறந்த ரெண்டும் தங்கல. அதான் இவங்களாவது தங்கட்டும்னு மூக்கைக் குத்தி வீட்டுல மூக்காயின்னு கூப்பிட்டாங்க. ஐடென்டி கார்டுல இந்திராணி. தமிழனுக்கும் இந்திராணி, சிங்களவனுக்கும் இந்திராணி. எந்தச் செக்பாயிண்டுலயும் ரெண்டாந்தடவை கேக்க மாட்டான். சுருக்கிக் கூப்பிட்டா ராணி."

நல்ல பேராகத்தான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் சோர வைத்தது.

புஷ்பம் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்தாள். ரோஸ் கலர். நெஞ்சில் பச்சை நூலில் பூ வேலை. பூவுக்குக் கீழே 'இந்திராணி'. எம்பிலிப்பிட்டியத் தையல்.

"இது எப்ப வந்துச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அப்ப புள்ள பொறக்கவே இல்லையே! ஆம்பளப் புள்ளையா இருந்திருந்தா?"

புஷ்பம் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டியபடியே சொன்னாள்:

"ஆம்பளப் புள்ளன்னா உங்களையே பேரு வைக்க விட்டிருப்பேங்க."