தாக்குதல் ஒருங்கிணைப்பாளரைத் தேடிய படலம்

வாழி சிவபாதம்! வெக்ஸ்போர்ட் வேந்தே, வாழி! இருகொம்புத் தூக்கியூர்தியை, அதாவது போர்க்லிஃப்றை, நாள் முழுதும் நடத்தும் திண்டோளனே, பண்டகசாலையின் பெட்டிமலைகளைப் பெயர்த்து அடுக்கும் பெருந்தகையே, கோடை பிறந்ததும் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியும் தரித்துக் கனடா வாழ் புன்னைவளவுச் செந்தாரகை விளையாட்டுக் கழகத்தின் அசையாத் தலைவனாய்க் கூடாரத்து நடுவே கொலுவிருக்கும் கோமானே, நின் பெரும்போரைப் பாட எமக்கு நாவன்மை அருள்க! அருளாவிட்டாலும் பரவாயில்லை, பாடத்தான் போகிறோம்.

செந்தாரகையின் அந்நாளைய நிலையைச் சொல்ல நெஞ்சு பதறுகிறது. முன்களச் சிங்கங்களுள் சிலர் நகருக்கு வெளியே விட்பியில் புதுவீடு வாங்கிப் புல்வெட்டப் போயினர். சிலர் முழங்காலை வைத்தியரிடம் ஒப்படைத்தனர். எஞ்சியோரைத் திரட்டிப் புதுப்படை கட்டிய பின்னும், இரண்டு கோடைகளாய் அவர்கள் எதிரியின் வலையைத் தூரநின்று தரிசித்தார்களேயன்றி அதனுள்ளே ஒரு பந்தைத்தானும் புகுத்தினாரில்லை. ஊர்க்கழகங்களின் கோடைக் கிண்ணச் சபை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஓலை விடுத்தது, வாட்ஸ்அப்பில்தான். இம்முறை முதலாவது மட்சிலும் கோல் விழாவிட்டால், செந்தாரகை தன் பெயரை விட்டுப் பக்கத்து ஊர்ப் பனிச்சங்காட்டுக் கழகத்தோடு கலந்துவிட வேண்டுமாம். பனிச்சங்காட்டார் போடுவது மஞ்சள் உடுப்பு. அதைப் போடுவதிலும் பார்க்கக் குளிருக்குள் வெறும் மேலோடு நிற்கலாம்.

சிவபாதத்துக்குச் சோறு இறங்கவில்லை. வேலைத்தலத்தில் அவரை ஒருவரும் முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை; பெட்டி தேவைப்பட்டால் கையைத் தட்டுவார்கள், அவ்வளவுதான். கோடைச் சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு மைதானமே அவரைத் 'தலைவர்' என்று கூப்பிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மனிதர் பனிக்காலம் முழுவதையும் தள்ளிக்கொண்டு வந்தார்.

அக்கணம் விண்ணின்று ஒளி இறங்கியது. விண்ணென்றால் மதியச் சாப்பாட்டறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சி. அதிலே அமெரிக்கர் ஆடும் முட்டைவடிவப் பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. தோற்றுத் தோற்றுத் துவண்டு, அடியிலிருந்து மீளக் கட்டப்படும் அணியொன்று தனக்கு வியூகம் வகுக்க ஒரு தாக்குதல் ஒருங்கிணைப்பாளரைத் தேடுகிறதென்றும், அவர் வந்துவிட்டால் துயரெல்லாம் தீருமென்றும், கோட்டணிந்த அறிஞர்கள் ஒரு கிழமையாய் மதியந்தோறும் மன்றாடினர். மைதானத்துக்கு மேலே கண்ணாடி மாடத்தில், காதிலே ஹெட்போனோடு அமர்ந்திருந்த எதிரணியின் அப்பதவியாளரைச் சிவபாதம் கண்டார், கண்டு கண்கலங்கினார். முட்டைப்பந்துக்கும் உருண்டைப்பந்துக்கும் என்ன சொந்தம் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

டோர்செட் பார்க் மாடிக்கட்டடமொன்றின் விழாமண்டபத்தில், ரீயும் பற்றிஸும் மணக்க, செந்தாரகைப் பேரவை கூடிற்று. தலைவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார், முழங்கினார்: "செந்தாரகைச் செல்வங்களே, எங்களுக்குக் கால் இருக்கு, பந்து இருக்கு. இல்லாதது ஒருங்கிணைப்பு. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் இல்லாமல் இனி நாங்கள் களம் இறங்கப் போறதில்லை." கரவொலி எழுந்தது. செயலாளர் தில்லையம்பலம் மாத்திரம் கைதட்டாமல் பற்றிஸை மெதுவாக மென்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் பல வருடங்களாக அப்படித்தான் மென்றுகொண்டிருக்கிறார்.

படையை வெளியே செலுத்துமுன் வீட்டுக்குள்ளேயே கலகம் வெடித்தது. நடுமுன்கள வீரன் வாகீசன், தடித்த தொடையன், முன்கோபன், கோல் அடிக்காவிட்டாலும் கோல் அடித்தவன்போல் நடப்பவன், எழுந்து நின்றான். "நான் இருக்கேக்கை வெளியாலை ஆள் தேடுறியளோ, அண்ணை?" என்றான். எங்கள் சனத்தில் ஒருவருக்கு மனம் நொந்துவிட்டால் அதற்கு மருந்து ஒன்றேயொன்று, பதவி. சிவபாதம் அந்த இடத்திலேயே அவனைத் தாக்குதல் துணை ஒருங்கிணைப்பாளராக்கி, நெஞ்சிலே குஞ்சம் வைத்த சிவப்புச் சின்னமொன்றைக் குத்திவிட்டார். வாகீசன் முகம் மலர்ந்தது.

ஐயகோ, அந்தச் சின்னம் செய்த வேலையை என்னென்பது! செய்தி அறிந்த இடப்பக்க வீரன் தொலைபேசியை எடுக்காமல் விட்டான். அவன் இடப்பக்கத் தாக்குதல் ஆலோசகனானான். அதைக் கேட்ட வலப்பக்கத்தான் அன்றே வலப்பக்க ஆலோசகனானான். தாக்குதல் தொடங்குவதே எங்கள் காலடியில்தானே என்று தடுப்பு வீரர் நால்வரும் வழக்குரைக்க, நால்வரும் பின்களத் தொடர்பாளராயினர். இடைக்கள வீரன் ஒருவன் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் போசகரானான்.

கழக யாப்பிலோ, அதாவது சட்டப்புத்தகத்திலோ, ஒரு விதி இருந்தது. பொருளாளர் ஒருவர் பிரதம விருந்தினர் முன்னிலையில் விழுந்து காற்சட்டை கிழிந்த கேவலத்துக்குப் பிறகு, பதவி வகிப்போர் எவரும் கட்டைக் காற்சட்டை அணிந்து களமிறங்கலாகாது, சின்னத்தோடு கூடாரத்திலேயே அமரவேண்டும் என்று சிவபாதமே எழுதிய விதி. தேடற்போரின் வேகத்தில் அது அவர் மண்டையில் தட்டுப்படவேயில்லை. தில்லையம்பலத்துக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

இனி விட்பிப் படையெடுப்பு. அங்கே வாழ்ந்தார் செல்வரட்ணம், ஒருகாலத்தில் இடதுகாலால் மதில் உடைத்தவர் என்று புன்னைவளவு முழுதும் பேசப்பட்டவர். அத்தகையோரைத் தொலைபேசியில் அழைப்பது அவமரியாதை என்பதால், சிவபாதம் கேக்கும் வாழைப்பழச் சீப்பும் ஏந்தி, வாகனக் கடல் கொந்தளிக்கும் நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து, அவர் வாசலை அடைந்தார். செல்வரட்ணம் கேக்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "எனக்கு உது சரிவராது, தம்பி. வேறை ஆளைப் பாருங்கோ" என்றார். முதல் மறுப்பு மரியாதை என்பதால் சிவபாதம் கலங்கவில்லை. இரண்டாம் மறுப்பு இடியப்பத்தோடு வந்தது. மூன்றாம் முறை கேட்டபோது அவர் ஹெட்போனைப் பற்றி விசாரித்தார். அப்போதே கோட்டை விழுந்துவிட்டது.

போர்நாள் விடிந்தது. மைதானத்தின் ஒருபுறம் பனிச்சங்காட்டு மஞ்சட்படை துள்ளித் துள்ளி உடம்பைச் சூடாக்கியது. மறுபுறம் செந்தாரகைக் கூடாரம், ஆகா, அதுவன்றோ கூடாரம்! சின்னங்கள் சிவக்க, நீளக் காற்சட்டைகள் மடிப்புக் குலையாது பளபளக்க, ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர், தொடர்பாளர், போசகர் என்று கல்யாண வீட்டு முன்வரிசை போல் நிறைந்திருந்தது. செல்வரட்ணம் ஹெட்போனை மாட்டினார். அது பேரப்பிள்ளையின் வீடியோ விளையாட்டுப் பெட்டிக்குரியது. அதன் வயர் அவருடைய சேட்டுப் பைக்குள்ளேயே முடிந்தது. அவர் களத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை நோட்டம் விட்டார், பின்பு வலமிருந்து இடமாக.

"தம்பி, ஆட்டக்காரர் எங்கை?" என்று கேட்டார்.

களத்திலே மூவர் நின்றனர். கோல்காப்பாளன் டெனிஸ்டன், இன்னும் கோபிக்கப் பழகாத புதுமுகங்கள் இருவர். மட்ச் தொடங்குவதற்குக் குறைந்தது ஏழுபேர் வேண்டும், இல்லையேல் செந்தாரகை இத்தோடு சரி என்று நடுவர் மணிக்கூட்டைக் காட்டினார். கூடாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தான் எழுதிய விதி அப்போதுதான் சிவபாதத்துக்கு உறைத்தது. பதவியைத் துறந்தால் இறங்கலாம், யார் துறப்பது? துணை ஒருங்கிணைப்பாளர் ஆலோசகரைப் பார்த்தார், ஆலோசகர் போசகரைப் பார்த்தார், போசகர் வானத்தைப் பார்த்தார். சின்னத்தைக் கையால் தடவினார்களேயன்றி ஒருவரும் அசையவில்லை.

சிவபாதம் எழுந்தார். தொண்டையைச் செருமவில்லை. "நான் தலைவர் பதவியை விடுறன்" என்றார், பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் கேட்கிற குரலில். நெஞ்சிலிருந்த சின்னத்தைக் கழற்றித் தான் இருந்த கதிரையில் வைத்தார். வெட்கப்பட என்ன இருக்கிறது, மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ நீட்டிய சிவப்பு உடுப்பை வயிற்றுக்கு மேலாக இழுத்து மாட்டி, வேட்டிபோல் தொளதொளத்த கட்டைக் காற்சட்டையோடும் தோல் சப்பாத்தோடும் களம் புகுந்தார். அதைப் பார்த்து வாகீசனின் தலை குனிந்தது. தலைவரே இறங்கின பிறகு இந்தக் குஞ்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முணுமுணுத்தபடி அவனும் கழற்றினான். இடப்பக்க ஆலோசகனும் தொடர்பாளன் ஒருவனும் பின்னால் போனார்கள். எழுவராயினர்.

ஊதியது ஊதுகுழல், மூண்டது பெரும்போர்! செல்வரட்ணம் ஹெட்போனுள் வகுத்த வியூகங்கள் அவர் சேட்டுப் பைக்குள் வெற்றியோடு சென்றடைந்தன. பனிச்சங்காட்டார் கோல்மேல் கோலாய்ப் பொழிய, டெனிஸ்டன் வலையிலிருந்து பந்து பொறுக்கியே களைத்தான். சிவபாதமோ எதிரியின் கோல்வாசலில் நின்று மூச்சுக்கு மன்றாடினார். திரும்பி ஓடி வரப் பலம் இல்லாததால் அங்கேயே தங்கிவிட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில், எரிச்சலும் அவமானமும் ஒன்றுசேர வாகீசன் கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை உதைத்தான். பந்து இடியென முழங்கிப் பறந்து, சப்பாத்து நாடா கட்டக் குனிந்திருந்த நம் வேந்தனின் முதுகிலே மோதி, பனிச்சங்காட்டுக் கோல்காப்பாளன் அந்தப் பக்கம் பாய, இந்தப் பக்கத்தால் மெதுவாக உருண்டு உள்ளே போனது.

கோல்! இரண்டு கோடைகளின் வறட்சி தீர்த்த கோல், புன்னைவளவின் பெயர் காத்த கோல், மஞ்சள் உடுப்பினின்று மானத்தை மீட்ட கோல்! வாகீசன் அவரைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, கட்டிப்பிடித்தான். சபைக்காரர் செந்தாரகையின் பெயர் இனி அப்படியே இருக்கும் என்று அறிவித்தார். முதுகு எரிய, மார்பு விம்ம, வென்று மீளும் வேந்தனாய் எம்பெருமான் கூடாரம் நோக்கி நடந்தார். ஆங்கே, போர் நடந்துகொண்டிருந்த வேளையில், வெற்றிடமான தலைமைக்கு யாப்பின்படி அவசரக் கூட்டம் கூடி, போட்டியின்றி ஒருமனதாகத் தெரிவாகி, புத்தம்புதுச் சின்னம் பளபளக்க நடுவிலே வீற்றிருந்தார் தில்லையம்பலம். அவர் எழும்பவில்லை, புன்னகைத்தார்.

"விளையாட்டுக்காரருக்கு அங்காலை தண்ணி வைச்சிருக்கு" என்றார்.

சிவபாதம் அங்கால போய்த் தண்ணி குடித்தார்.